மீன் ஏலச் சிட்டையிலிருந்து வைவா வரை: திறமூல நிரலைக் கொண்டு தரவுத்தள புராஜெக்ட் செய்வதற்கான வழிகாட்டி

இறுதிப் பருவத்தில் தரவுத்தள புராஜெக்ட் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டிய பிசிஏ, பி.எஸ்சி. கணினி அறிவியல், எம்சிஏ மாணவர்களுக்காக, அதிலும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன். நான் மண்டபம் பக்கத்தைச் சேர்ந்தவள். எம்சிஏ கடைசிப் பருவத்தில், என் தாய்மாமா கணக்கு எழுதும் மீன் ஏலக்கடையின் சிட்டையைக் கணினிக்குக் கொண்டுவருவதைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். சீனியர் ஒருவரின் பென்டிரைவில் இருந்த சரக்கிருப்பு நிரலை வாங்கி, தலைப்பையும் நிறத்தையும் மாற்றி, முதல் ரிவ்யூவுக்குக் கொண்டுபோனேன். தேர்வாளர் அட்டவணைகளைத் திறந்து பார்த்துவிட்டு, "மீனுக்குக் காலாவதித் தேதி எதற்கம்மா?" என்று கேட்டார். அந்த நிரல் முதலில் மருந்துக்கடைக்காக எழுதப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதை எழுதியவர் யார், எந்த உரிமத்தில் பகிர்ந்தார் என்ற அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். புராஜெக்ட் நிராகரிக்கப்பட்டது, ஆறு வாரங்கள் வீணாயின.

பிறர் பகிர்ந்த நிரலை எடுத்துச் செய்வது குற்றமன்று. திறமூல நிரல், அதாவது பிறர் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி மூலத்தோடு வெளியிடப்படும் நிரல், அதற்காகவே பகிரப்படுகிறது. எடுத்தது எது, நாம் செய்தது எது என்று முதல் நாளிலிருந்தே பிரித்துக் கணக்கு வைக்காததுதான் என் தவறு. இரண்டாம் முறை நான் செய்த வரிசையைக் கீழே தருகிறேன்.

1. பொருளை முடிவு செய்யும் முன் கடலின் நாட்காட்டியைப் பாருங்கள்

மீன், நண்டு, படகு, ஐஸ் என்று கடற்கரைத் தொழில் சார்ந்த பொருளை எடுப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது ஏப்ரல் 15. அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். உங்கள் வைவா (வாய்மொழித் தேர்வு) பெரும்பாலும் இந்த நாட்களையொட்டித்தான் வரும். "கடைசியாக ஒருமுறை இறங்குதளத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்திருந்தால், அப்போது அங்கே விசைப்படகு மீன் ஏலம் நடக்காது. படகுகள் கரையேற்றப்பட்டு மராமத்து வேலைதான் நடந்துகொண்டிருக்கும்.

பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகும் மற்ற நாட்களில் நாட்டுப்படகும் கடலுக்குப் போகும் ஏற்பாடு உள்ளதால், ஏலம் பார்க்கப் போகும் நாளையும் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காற்று எச்சரிக்கையும் வேலைநிறுத்தமும் குறுக்கே வரும். ஜனவரியில் பருவம் தொடங்கினால் பிப்ரவரி முடிவதற்குள் கள விவரங்களைச் சேகரித்து முடிப்பது பாதுகாப்பானது. மார்ச் மாதத்தை நிரலுக்கும், ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களை அறிக்கைக்கும் ஒதுக்குங்கள்.

2. நிரலைத் தேடும்போது உரிமக் கோப்பை முதலில் திறங்கள்

கிட்ஹப் போன்ற தளங்களில் சரக்கிருப்பு, நூலகம், மருத்துவமனை, கட்டண ரசீது என்று ஆயிரக்கணக்கான நிரல்கள் கிடைக்கின்றன. திரை அழகாக இருக்கிறதா என்று பார்க்கும் முன்பு, அந்தக் களஞ்சியத்தில் (நிரலின் கோப்புகள் எல்லாம் உள்ள இடத்தில்) 'லைசென்ஸ்' என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்ஐடி உரிமம் என்றால் மாற்றலாம், பயன்படுத்தலாம், பகிரலாம்; எழுதியவரின் பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருக்க வேண்டும். அப்பாச்சி 2.0 உரிமத்தில் அதோடு, எந்தெந்தக் கோப்புகளை மாற்றினீர்கள் என்பதை அந்தக் கோப்புகளிலேயே குறிப்பிட வேண்டும். ஜிபிஎல் உரிமத்தில் வந்ததை மாற்றி இன்னொருவரிடம் கொடுத்தால், மாற்றிய மூல நிரலையும் அதே உரிமத்தில் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் மட்டும் ஓட்டிப் பார்க்கும்வரை இந்தக் கடமை எழாது, ஏலக்கடைக்கு நிறுவிக் கொடுத்தால் எழும். ஏஜிபிஎல் என்றால், மாற்றிய நிரலை இணையம் வழியே பயன்படுத்துகிறவர்களுக்கும் மூலம் கிடைக்க வேண்டும்.

உரிமக் கோப்பே இல்லாத நிரல்தான் பெரும்பாலான மாணவர்கள் விழும் குழி. "பொதுவில்தானே கிடக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம்" என்று எண்ணுகிறோம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்துப் பாதுகாக்கிறது. ஆகவே உரிமம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. அத்தகைய நிரல் உங்களுக்கு மிகவும் பொருந்துகிறது என்றால், எழுதியவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

உரிமம் சரியாக இருந்தால் அடுத்து மூன்றைப் பாருங்கள்: கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, தரவுத்தள அமைப்புக்கான எஸ்க்யூஎல் கோப்பு உடன் இருக்கிறதா, பயனர்கள் தெரிவித்த பிழைகளுக்குப் பதில் வந்திருக்கிறதா. எஸ்க்யூஎல் கோப்பு இல்லாத நிரலைத் தொடாதீர்கள். அட்டவணைகளை ஊகித்து எழுதுவதற்குள் பருவம் முடிந்துவிடும். பெரிய நிரலை எடுக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். என் முதல் நிரலில் 43 அட்டவணைகள் இருந்தன. இரண்டாவதாக எடுத்ததில் 9 மட்டுமே. ஒவ்வொன்றும் எதற்கென்று இரண்டு நாட்களில் எனக்குப் புரிந்துவிட்டது.

ஆயத்த புராஜெக்ட்டைப் பணத்துக்கு விற்கும் கடைகளிலும் பெரும்பாலும் இதே திறமூல நிரல்கள்தான், எழுதியவர் பெயர் அழிக்கப்பட்டு, கிடைக்கின்றன. என்னுடன் படித்த தோழி அப்படி வாங்கியதற்கு 6,000 ரூபாய் கொடுத்தாள். அதே நிரல் இணையத்தில் இலவசமாக இருந்ததைப் பிறகு இருவரும் சேர்ந்தே கண்டுபிடித்தோம்.

3. கடிதங்களை முதல் வாரத்திலேயே வாங்குங்கள்

கல்லூரியிலிருந்து போனஃபைடு சான்றிதழ் (அங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று) ஒன்றும், இன்ன பொருளில் புராஜெக்ட் செய்கிறார் என்று துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றும் வேண்டும். இவற்றைக் காட்டி, நீங்கள் விவரம் சேகரிக்கும் ஏலக்கடை, கூட்டுறவுச் சங்கம் அல்லது ஐஸ் கம்பெனியிடம் அனுமதிக் கடிதம் பெற வேண்டும். சொந்தக்காரர் கடை என்பதால் நான் இதைத் தள்ளிப்போட்டேன். கடைசியில் மாமா வெளியூர் போயிருந்த வாரத்தில்தான் கல்லூரியில் அதைக் கேட்டார்கள். லெட்டர்பேட் இல்லாத சிறிய கடை என்றால் வெள்ளைத்தாளில் எழுதி, ரப்பர் ஸ்டாம்பும் கையொப்பமும் தேதியும் போட்டு வாங்குங்கள். எதற்காக விவரம் எடுக்கிறீர்கள், யாருடைய பெயரும் வெளியிடப்படாது என்ற இரண்டு வரிகள் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

வழிகாட்டும் ஆசிரியரிடம் கொடுக்கும் ஒருபக்கச் சுருக்கத்திலேயே, "இன்ன உரிமத்தில் உள்ள இன்ன திறமூல நிரலை அடிப்படையாகக் கொள்கிறேன், இன்னின்ன பகுதிகளை நானே எழுதுகிறேன்" என்று சொல்லி, அவர் கையொப்பம் பெறுங்கள். அந்தத் தாளின் நகல் என் கையில் இருந்ததால்தான் இரண்டாம் ரிவ்யூவில் யாரும் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கவில்லை.

4. மூல நிரலைத் தொடாமல் முதலில் பதிவு செய்யுங்கள்

களஞ்சியத்தை ஜிப் கோப்பாக இறக்கினால் அதன் வரலாறு முழுவதும் விடுபட்டுவிடும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியை நிறுவி, 'குளோன்' முறையில் இறக்குங்கள். இறக்கியதும் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், அந்த நிலைக்கு 'மூலம்' என்று ஒரு குறிச்சொல் இடுங்கள். அதன் பிறகு நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனி கமிட்டாக, என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிப் பதிவு செய்யுங்கள்.

இதன் பயன் வைவாவில் தெரியும். மூலம் என்ற குறியையும் இன்றைய நிலையையும் 'கிட் டிஃப்' கட்டளையால் ஒப்பிட்டால், எந்தக் கோப்பில் எத்தனை வரி சேர்ந்தது, எத்தனை வரி நீங்கியது என்று கணினியே பட்டியலிட்டுக் காட்டும். நான் அந்தப் பட்டியலை அச்சிட்டு அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்தேன்.

மின்சாரம் போவதும் மொபைல் டேட்டா தீர்வதும் நம் ஊரில் வழக்கம் என்பதால், ஒவ்வொரு இரவும் கிட்ஹப்புக்கு ஏற்றிவிடுங்கள். தனியார் களஞ்சியம் வைத்துக்கொள்ளக் கட்டணம் இல்லை. தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பை மட்டும் ஏற்றக் கூடாது.

5. நிரலை ஓட வைத்தல்

பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் நிரல்களுக்கு நம் கல்லூரிகளில் பெரும்பாலும் எக்ஸாம்ப் தொகுப்பைத்தான் பயன்படுத்துகிறோம். அதற்குள் இருப்பது மரியாடிபி என்பதை நினைவில் வையுங்கள். மைஎஸ்க்யூஎல் 8இல் எடுக்கப்பட்ட எஸ்க்யூஎல் கோப்பை அதில் ஏற்றினால், 'தெரியாத கொலேஷன்' (கொலேஷன் என்பது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) என்று பிழை வந்து நின்றுவிடும். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, '0900' என்ற எண் வரும் கொலேஷன் பெயர்களையெல்லாம் 'யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ' என்ற கொலேஷனின் பெயரால் மாற்றினால் ஏறிவிடும். இந்த ஒரு பிழைக்கு நான் மூன்று இரவுகள் செலவிட்டேன்.

பழைய நிரல்களில் 'மைஎஸ்க்யூஎல் கனெக்ட்' என்ற செயற்கூறு இருக்கும். அது பிஎச்பி 7லேயே நீக்கப்பட்டுவிட்டது. அதற்காகப் பழைய பிஎச்பியைத் தேடி நிறுவாமல், அந்த இடங்களைப் பிடிஓ (தரவுத்தளத்தோடு இணைய பிஎச்பியிலேயே உள்ள வழி) முறைக்கு நீங்களே மாற்றி எழுதுங்கள். உங்கள் பங்களிப்பாகக் காட்டுவதற்கு அதுவே நல்ல முதல் வேலை. மைஎஸ்க்யூஎல் தொடங்காமல் சிவப்பில் நின்றால், 3306 என்ற போர்ட்டை ஏற்கெனவே வேறொரு மைஎஸ்க்யூஎல் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. அட்டவணைகளை உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றுதல்

புராஜெக்ட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கணினியை மூடிவைத்துவிட்டு, ஒரு நாளைய கணக்கைத் தாளில் முழுமையாகப் படியெடுங்கள். நான் எடுத்த பக்கம் ஐஸ் தண்ணீர் பட்டு ஊறிக் காய்ந்து, ஓரத்தில் செதில் ஒட்டியிருந்த பக்கம். ஒரு படகின் பெயருக்குக் கீழே நண்டு 14 கிலோ 500, கணவாய் 6 கிலோ, சங்காயம் (கலந்து வரும் மலிவான பொடிமீன்) 3 கூடை என்று இருந்தது. நண்டு ஒருவருக்கும் கணவாய் இரண்டு பேருக்குமாக ஏலம் போயிருந்தது. கீழே கமிஷன் கழிவு. அதற்கும் கீழே, படகுக்காரர் வாங்கியிருந்த முன்பணத்தில் அன்று பிடித்த தொகை.

திறமூல நிரலில் முதல் திரையை மாமாவிடம் காட்டியபோது, "எல்லாத்தையும் கிலோவுலயே கேக்குதேம்மா, சங்காயத்தை யாரு நிறுத்துக்கிட்டு இருப்பா?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அளவுக்கென்று தனி அட்டவணை பிறந்தது.

சரக்கிருப்பு நிரல்கள் எல்லாம் கொள்முதல் விலை முதலில், விற்பனை விலை பிறகு என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. ஏலத்துக்கு வரும் மீனுக்குக் கரையேறும்போது விலையே கிடையாது. கொள்முதல் விலை கட்டாயம் என்று இருந்த கட்டத்தில் பூஜ்யம் போட்டு ஒப்பேற்றினேன். மாத அறிக்கையில் விற்ற தொகை முழுவதும் இலாபம் என்று வந்தது. பிறகு வரத்துக்கு (கரைக்கு வந்து சேரும் மீனுக்கு) ஓர் அட்டவணை, ஏலத்துக்கு ஓர் அட்டவணை என்று பிரித்து, ஒரு வரத்துக்குப் பல ஏலப் பதிவுகள் இருக்கலாம் என்று உறவு அமைத்த பிறகுதான் சிட்டையும் கணினியும் ஒத்துவந்தன.

கமிஷன் விகிதத்தைக் கடை அமைப்பில் ஒரே இடத்தில் வைத்து, ரசீது போடும்போதெல்லாம் அங்கிருந்து எடுக்கும்படி மூல நிரல் இருந்தது. விகிதத்தை ஒருமுறை மாற்றினால் போன மாத ரசீதுகளும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே அன்றைய விகிதத்தை அந்தந்த ஏலப் பதிவிலேயே எழுதி வையுங்கள். முன்பணத்தில் மீதி எவ்வளவு என்பதையும் ஒரு கட்டத்தில் எழுதி வைக்காதீர்கள்; கொடுத்தது, பிடித்தது என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகப் பதிந்து, மீதியைக் கூட்டிக் கழித்துக் காட்டுங்கள். படகுக்காரர் ஒருவர் வந்து கேட்டால் எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தது என்று வரிவரியாகச் சொல்ல முடிய வேண்டும். இங்கே சண்டை வருவது இந்தக் கணக்கில்தான்.

பணத்துக்கும் எடைக்கும் 'ஃப்ளோட்' வகை வேண்டாம். அது பின்னங்களைத் தோராயமாகவே வைத்திருப்பதால் நாள் கூட்டுத்தொகையில் பைசா இடிக்கும். பணத்துக்கு 'டெசிமல்' வகையில் மொத்தம் 10 இலக்கம், புள்ளிக்குப் பின் 2 என்று வையுங்கள். ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் படகுப் பதிவெண்ணில் எழுத்தும் கோடும் வருவதால் அதை எண் வகையில் வைக்க முடியாது, உரை வகையில் வையுங்கள்.

மீன் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். நெத்திலி, நெத்தலி என்று இரண்டு விதமாக ஏறினால் மாதக் கணக்கில் இரண்டு மீன்களாகிவிடும். சென்னையில் வஞ்சிரம் என்று கேட்கிற மீனைக் குமரிப் பக்கம் நெய்மீன் என்பார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால், ஒரு மீனுக்குப் பல பெயர்களைச் சேர்க்கத் தனி அட்டவணை வைத்தேன். வைவாவில் நார்மலைசேஷன் (ஒரே விவரம் பல இடங்களில் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரிப்பது) பற்றிக் கேட்டபோது இந்த எடுத்துக்காட்டையே சொன்னேன்.

பழைய எஸ்க்யூஎல் கோப்புகளில் அட்டவணை வகை 'மைஐசாம்' என்று இருந்தால் உடனே 'இன்னோடிபி' என்று மாற்றுங்கள். மைஐசாம், அயல் திறவுகோல்களை (ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும் கட்டங்களை) எழுதினால் பிழை எதுவும் காட்டாமல் ஏற்றுக்கொண்டு, அவற்றைச் செயல்படுத்தாமல் விட்டுவிடும். ஒரு படகை நீக்கினால் அதன் ஏலப் பதிவுகள் அநாதையாக நிற்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

7. தமிழ் எழுத்து கேள்விக்குறியாக மாறாமல் இருக்க

தரவுத்தளம், அட்டவணை, பிஎச்பி இணைப்பு, இணையப் பக்கம் ஆகிய நான்கு இடங்களிலும் யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) இருக்க வேண்டும். தரவுத்தளத்திலும் இணைப்பிலும் 'யூடிஎஃப்8எம்பி4' என்று குறிப்பிடுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இணைப்பு. அங்கே விட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படலாம். அப்படிச் சேமித்ததை மீட்க வழியில்லை.

கண்ணுக்கு 'மீனாட்சி' நான்கு எழுத்து. கணினி அதை 8 குறியெழுத்துகளாக எண்ணும். இடத்தில் 24 பைட். ஆங்கிலப் பெயருக்குப் போதுமென்று 20 என அளவு வைத்திருந்த பெயர்க் கட்டங்களை 100 ஆக்குங்கள். கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) இயங்காத அமைப்பில் நீளமான பெயரின் வால் வெட்டப்பட்டு ஏறிவிடும். டைப்பிங் சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய பட்டியலை அப்படியே ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ரசீதைப் பிடிஎஃப் ஆக்கும்போது பல நூலகங்களில் கொம்பும் காலும் இடம் மாறும். உலாவியிலேயே அச்சிட்டுப் பிடிஎஃப் ஆகச் சேமிப்பது எளிய வழி.

8. உண்மையான மனிதர்களின் விவரத்தை ஏற்றாதீர்கள்

கணக்கின் அமைப்பை மட்டும் சிட்டையிலிருந்து எடுத்துக்கொண்டு, பெயர், கைபேசி எண், கடன் தொகை எல்லாவற்றையும் கற்பனையாக மாற்றி ஏற்றுங்கள். ஆதார் எண்ணுக்குக் கட்டமே வேண்டாம். ஒருவர் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பது ஊரில் அவருடைய மானம் சார்ந்த விஷயம். அது ஒரு மாணவியின் களஞ்சியத்தில் பொதுவில் கிடக்கக் கூடாது. கடவுச்சொற்களை, எளிதில் உடைக்கக்கூடிய எம்டி5 முறையில் வைத்திருக்கும் நிரல்களை, பிஎச்பியிலேயே உள்ள 'பாஸ்வேர்ட் ஹேஷ்' முறைக்கு மாற்றிவிடுங்கள்.

9. அறிக்கையும் செலவும்

மென்பொருள் எதற்கும் நான் பணம் கொடுக்கவில்லை. 72 பக்க அறிக்கை 3 படிகள், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 432 ரூபாய், அவற்றோடு 8 வண்ணப் பக்கங்கள் 10 ரூபாய் வீதம் 240, தங்க எழுத்து பைண்டிங் படிக்கு 250 வீதம் 750, பென்டிரைவ் 400. ஆக 1,822 ரூபாய். இராமநாதபுரத்துக்குப் போய்வந்த பேருந்துச் செலவு தனி. பைண்டிங்குக்கு மூன்று நாட்களாவது ஒதுக்குங்கள். எல்லாக் கல்லூரிகளும் ஒரே வாரத்தில் கொடுக்கும் காலம் அது.

நிரலோடு வரும் 'ரீட்மீ' கோப்பின் பத்திகளை அறிக்கையில் ஒட்டாதீர்கள். முதுநிலை, ஆய்வு மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் பொருந்தும்: ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும், 40க்கு மேல் 60 வரை போனால் ஓராண்டு கொடுக்க முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மூல நிரலின் பெயர், எழுதியவர், உரிமம், இறக்கிய தேதி ஆகியவற்றை ஒரு தனிப் பக்கத்தில் எழுதி, உரிம வாசகத்தை முழுமையாகப் பின்னிணைப்பில் சேருங்கள்.

10. வைவா நாளும் அதற்குப் பிறகும்

ஒரு வாரம் முன்னதாக ஆய்வகக் கணினியில் எந்த பிஎச்பி பதிப்பு இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். வீட்டில் ஓடியது அங்கே ஓடாமல் போவதற்கு இதுவே முதற்காரணம். உங்கள் எக்ஸாம்ப் கோப்புறையை முழுமையாகவும், தரவுத்தளத்தின் எஸ்க்யூஎல் கோப்பைத் தனியாகவும் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு கிட் பட்டியலைத் திறந்து, மூன்று மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து, ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். என்னிடம் கொள்முதல் விலையை ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். அதைப் பற்றியே பத்து நிமிடம் பேசினேன்.

ஏலக்கடைக்கு நிரலை நிறுவிக் கொடுக்கிறீர்கள் என்றால், உரிமக் கோப்பையும் மூல நிரலையும் அதே பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். நாள்தோறும் நகல் எடுக்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சிட்டையை உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு மாதம் இரண்டிலும் எழுதி, ஏலம் முடிந்ததும் இரண்டு கூட்டுத்தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் கடையில் ஒன்பதாம் நாள் 180 ரூபாய் வித்தியாசம் வந்தது. தேடிப் பார்த்தபோது, ஒரு கூடை சங்காயத்தைச் சிட்டையில் எழுதியவர் கணினியில் ஏற்ற மறந்திருந்தார்.